இரட்டைப்படை மணிகளில் எண்பது மீட்டர்

ப்ரோதெக்
ஜூலை 19

அன்புள்ள வெலிசார் அண்ணாவுக்கு, எவ்திம் வணக்கத்துடன் எழுதுவது.

நலமா என்று கேட்கவே கை தயங்குகிறது. தொலைபேசி மணி அடித்தால் நீங்கள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறீர்கள் என்று இஸ்க்ரா சொன்னாள். அதனால்தான் கடிதம். நீங்கள் எழுந்து போனாலும் கடிதம் மேசைமேல் பொறுமையாகக் காத்திருக்கும்.

ராய்னா அண்ணியின் நாற்பதாம் நாளுக்கு வந்திருந்தேன். என்னைப் பார்த்தீர்கள். அவர் நினைவாகத் தாம்பாளத்திலிருந்து வேகவைத்த கோதுமையை ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைத்துக்கொண்டு வந்தவர், என் முறை வந்ததும் தாம்பாளத்தை மகளிடம் கொடுத்துவிட்டு மெழுகுவர்த்தியைச் சரிசெய்யப் போய்விட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. இஸ்க்ரா ஒரு கரண்டி வைத்தாள். தெருமுனையில் நின்று சாப்பிட்டேன். வால்நட் நிறையப் போட்டிருந்தீர்கள், அண்ணிக்குப் பிடித்த மாதிரி.

நேற்று கோர்னா லூக்காவுக்குப் போய் உங்கள் வீட்டைப் பார்த்தேன். சுவரில் வெள்ளம் நின்ற கோடு ஜன்னலுக்கு மேலே இருக்கிறது. வாசற்கதவில் ஒட்டியிருந்த அண்ணியின் மரண அறிவிப்பு மழையில் நைந்திருந்தது. புதிதாக ஒன்று அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆணி அடித்துவிட்டு வந்தேன். ஆண்டெனா கம்பம் சாய்ந்திருக்கிறது, விழவில்லை. ரேடியோ அறைச் சேற்றில் நான் உங்கள் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுத்த கடிகாரம் கிடைத்தது. பெட்டி பிரிக்கப்படாமலே இருந்தது. இதையும் குறையாகச் சொல்லவில்லை. துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

அண்ணா, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளம் வந்த அன்று, நம் குரலை வாங்கித் தூரத்துக்கு அனுப்பும் மலையுச்சி ரிப்பீட்டர் மின்னலில் போய்விட்டது, கைபேசிக் கோபுரமும் போய்விட்டது. எனவே நாம் எழுதி வைத்த திட்டப்படி மாவட்டத்தின் கட்டுப்பாட்டு நிலையத்தை நான் எடுத்துக்கொண்டேன். நகராட்சிக் கட்டடத்தின் மேல்மாடியில் என் வானொலிச் செட்டோடு உட்கார்ந்திருந்தேன். மணிதோறும் ஒவ்வொரு ஊரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மடாலம் பதில் சொன்னது. காட்டிலாகா விடுதிகள் சொன்னன. தோல்னா லூக்காவின் முதியோர் இல்லத்திலிருந்து மருத்துவர் சொன்னார். அவர்கள் சொன்னதற்கெல்லாம் நம் வழக்கப்படி "கிடைத்தது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உங்களிடம் அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் இரவெல்லாம் காத்திருந்தேன். வாய்ப்பு வரவில்லை.

என் பக்கம் ஏதோ பிழை இருக்க வேண்டும். என்னவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. தோள்வலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

நம் வானொலி வாழ்த்தாக எப்போதும் போடும் 73, அன்புடன்,
எவ்திம்


ப்ளோவ்திவ்
ஆகஸ்ட் 11

எவ்திம்,

கடிதம் வந்தது. இஸ்க்ரா அதைப் பிரித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். பீன்ஸ் சூப்போடு உன்னையும் சேர்த்து விழுங்க வேண்டியதாயிற்று.

கூப்பிட்டாயாம். நானும்தான் கூப்பிட்டேன்.

பின்சுவர் இடிந்து ராய்னாவின் கால்கள் மேல் விழுந்தது. இழுத்தெடுத்துப் பரணுக்குத் தூக்கினேன். எப்படித் தூக்கினேன் என்று கேட்காதே, என் தோளைக் கேள். பிறகு இறங்கிப்போய்ச் செட்டையும் கார் பேட்டரியையும் எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் தண்ணீர் மார்பளவு. கூரை உத்தரத்தில் கம்பியைக் கட்டினேன். அதன்பின் எல்லாம் உன் திட்டப்படிதான், வாத்தியாரே. பேட்டரி தாங்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு மணியின் முதல் பத்து நிமிடம் மட்டும். இரட்டைப்படை மணி என்றால் எண்பது மீட்டர் அலை, ஒற்றைப்படை மணி என்றால் நாற்பது மீட்டர் அலை. என் கையில் இருப்பது நான் ஓய்வு பெற்ற அன்று ராய்னா வாங்கிக் கொடுத்த கடிகாரம். இன்றுவரை ஒரு நிமிடம் பிசகியதில்லை. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அலை மாற்றினேன். அவள் தலை என் மடியில் இருந்தது.

முதலில் அவள் சிரித்தாள்கூட.

"எவ்திமைக் கூப்பிடுங்க. அவன் ஒண்ணுக்குப் போறதுக்கே அட்டவணை போடுறவன். செட்டை விட்டு நகர மாட்டான்."

கூப்பிட்டேன். இரைச்சல்தான்.

"வரலையா?"

"வரல."

"வேற யாரோடவாவது பேசிட்டு இருப்பான் பாவம். மணி ஆகட்டும், மறுபடி கூப்பிடுங்க."

இப்படியே விடியும்வரை. விடிந்தபின் கேட்பதை நிறுத்திவிட்டாள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகுதான் ராணுவ லாரி வந்தது. கால் நசுங்கியதில் சாகவில்லை, உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது, முந்தைய இரவே கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். மிக மரியாதையாகச் சொன்னார்.

ஆபத்தில் இருப்பவன் எந்த அலையில் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று விதி இருக்கிறது. எனக்கும் தெரியும். எண்பதில் ஒரு ரொமேனியாக்காரன் தன் தோட்டத்து மிளகாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான், என் குரல் அவனுக்கு எட்டவில்லை. மிச்சமிருக்கும் பேட்டரியை முன்பின் தெரியாதவர்களுக்குச் செலவழிப்பதா, உனக்காக வைப்பதா என்று யோசித்தேன். உனக்காக வைத்தேன்.

மரண அறிவிப்புக்கு உறை போட்டாய், சரி. கடிகாரத்தை நீயே வைத்துக்கொள். ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல். சுற்றி வளைக்காமல் சொல். நீ அன்று செட்டின் முன்னால் இருந்தாயா, இல்லையா?

வெலிசார்


ப்ரோதெக்
ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தை அஞ்சலில் போடப்போவதில்லை. ஆனாலும் மேலே உங்கள் பெயரை எழுதினால்தான் எனக்கு எழுத வருகிறது.

இருந்தேன். ஒரு மணியைக்கூட விடவில்லை.

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தபின் கைக்கடிகாரம் பற்றிய வரியில் நின்றுவிட்டேன். தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். என் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது, உங்களுக்குத் தெரியும். ஆகவே மறுநாள் காலையில் வேறொரு தாளில் மறுபடி போட்டேன். விடை மாறவில்லை.

திட்டத்தின் முதல் பக்கத்தில் நான் எழுதியிருந்தேன்: எல்லா மணிகளும் உலகப் பொது நேரப்படி. வானொலிக்காரர்கள் எல்லா நாட்டிலும் வைத்துக்கொள்ளும் நேரம் அது. அதற்காகத்தான் அந்த நேரம் வைத்த கடிகாரத்தை உங்கள் பிறந்தநாளுக்குத் தந்தேன். நீங்கள் பெட்டியைப் பிரிக்கவில்லை. பயிற்சியின்போது கேட்டதற்கு எல்லோர் முன்னாலும் என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா?

"உன் லண்டன் நேரமெல்லாம் உன்னோட வெச்சுக்கடா. இந்தப் பள்ளத்தாக்குல சேவல்கூட அதைக் கேட்டுக் கூவாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பயிற்சி தொடங்கியது, நீங்கள் ஒவ்வொரு மணியும் சரியான அலையில் முதல் ஆளாக வந்து நின்றீர்கள். ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான். வற்புறுத்த எனக்கு என்ன காரணம் இருந்தது?

நாம் பயிற்சி வைப்பது பிப்ரவரியில். குளிர்காலத்தில் நம் ஊர்க் கடிகாரம் உலக நேரத்துக்கு இரண்டு மணி முன்னால் ஓடுகிறது. இரண்டைக் கூட்டினால் இரட்டைப்படை இரட்டைப்படையாகவே இருக்கும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுகிறோம். வித்தியாசம் மூன்றாகிவிடுகிறது. உங்கள் கையில் மாலை ஆறு மணி, அதாவது பதினெட்டு, ஆனபோது என் கடிகாரத்தில் பதினைந்து. நீங்கள் எண்பதில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள், நான் நாற்பதில் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மணி ஆனதும் நீங்கள் நாற்பதுக்கு வந்தீர்கள், நான் எண்பதுக்குப் போனேன். ஒரே வீட்டின் இரண்டு அறைகளில், ஒருவர் வாசலைத் தாண்டும்போது மற்றவரும் தாண்டுவது போல, விடியும்வரை. நம்மில் யாராவது ஒருவர் சோம்பேறியாக இருந்து, இருந்த அலையிலேயே தூங்கிப்போயிருந்தால் சந்தித்திருப்போம்.

இதைத் தாளில் பார்த்தபோது எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இன்னொன்றையும் எழுதுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை. மாலையில் நிவாரண அலுவலர் திருமதி கோஸ்தோவா மேலே வந்தார். தண்ணீரில் போகக்கூடிய லாரி ஒன்றுதான் இருந்தது.

"சார், கோர்னா லூக்காவுல இருந்து ஏதாச்சும் வந்துச்சா?"

"எனக்குச் செய்தி எதுவும் வரலம்மா."

"வரலன்னா அங்க நல்லா இருக்காங்கன்னு அர்த்தமா, மோசமா இருக்காங்கன்னு அர்த்தமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் நினைக்கிறதைச் சொல்றதுக்கு இங்க உட்காரல. வந்ததை வந்தபடி சொல்றதுதான் என் வேலை."

அவர் கீழே இறங்கிப் போனார். பிறகு லாரியைத் தோல்னா லூக்காவுக்கு அனுப்பினார். முதியோர் இல்லத்தில் இருந்த எல்லோரையும் உயிரோடு கொண்டு வந்தார்கள். நான் சொன்னது விதிப்படி சரி. செய்தி கொண்டு செல்பவன் தன் ஊகத்தைச் செய்தியோடு கலக்கக் கூடாது. கற்றுக்கொடுத்தபோதெல்லாம் இதைத்தான் முதலில் கற்றுக்கொடுத்தேன். ஆனால் நான் நினைத்தது என்ன என்று அவர் கேட்டார், அண்ணா. நான் நினைத்தது ஒன்று இருந்தது. வெலிசார் வராமல் இருக்க மாட்டார் என்று நினைத்தேன்.

இப்போது என் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. இந்தக் கணக்கை உங்களுக்கு அனுப்பினால் நான் இருந்தேன் என்று நிரூபித்துவிடலாம். நீங்கள் என் கையைப் பிடிக்கக்கூடும். பிறகு இரவில் அந்தக் கடிகாரத்தைக் கழற்றி வைக்கும்போது என்ன நினைப்பீர்கள்? அண்ணி வாங்கிக் கொடுத்த கடிகாரம்.

என்னைத் திட்டிக்கொண்டாவது நீங்கள் சாப்பிடுகிறீர்கள். அது இருக்கட்டும்.

எவ்திம்


ப்ரோதெக்
ஆகஸ்ட் 24

அன்புள்ள வெலிசார் அண்ணாவுக்கு,

கேட்டீர்கள், சொல்கிறேன். இருக்கவில்லை.

மாலையில் எனக்குத் தலை சுற்றியது. பக்கத்து அறையில் சோபாவில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மணிதோறும் கூப்பிட்டேன் என்று முன்பு எழுதியது பொய். வெட்கத்தால் அப்படி எழுதிவிட்டேன். நீங்கள் செய்தது எல்லாம் சரி. திட்டத்தில் இருந்தபடியே செய்திருக்கிறீர்கள். உங்கள் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. இதைத் தயவுசெய்து நம்புங்கள்.

மன்னிக்கும்படி கேட்க எனக்குத் தகுதி இல்லை. தைலம் தேய்க்க மறக்காதீர்கள்.

73, அன்புடன்,
எவ்திம்


ப்ளோவ்திவ்
செப்டம்பர் 2

எவ்திம்,

அவள் கடைசிவரை உன்னை விட்டுக்கொடுக்காமல் பேசிவிட்டுச் செத்தாள். நீ சோபாவில் படுத்திருந்தாய்.

ஆறாம் மாத நினைவு நாளுக்கு வராதே. ஆண்டெனா கம்பத்தைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன். இனி எழுதாதே.

வெலிசார்


ப்ளோவ்திவ்
அக்டோபர் 28

எவ்திம்,

ஞாயிற்றுக்கிழமை இஸ்க்ரா வீட்டுக் கடிகாரங்களை எல்லாம் ஒரு மணி பின்னால் தள்ளினாள். சுவர்க் கடிகாரம், அடுப்புக் கடிகாரம், எல்லாம். பிறகு என்னிடம் வந்தாள்.

"அப்பா, உங்க வாட்ச்சையும் மாத்திடுங்க. கோடை நேரம் முடிஞ்சுபோச்சு."

கழற்றினேன். திருகை வெளியே இழுத்தேன். முள்ளைப் பின்னால் திருப்பத் தொடங்கினேன். ஏழு ஆறாகிறது. ஒற்றைப்படை இரட்டைப்படையாகிறது. நீ திட்டத்தில் எழுதிய நேரம் மட்டும் நகர்வதில்லை. எவ்திம், நான் நாற்பது வருடம் ரயில்வே சிக்னல் பார்த்தவன். ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு வண்டி எப்படி மாறும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சூப் ஆறிப்போயிற்று. இஸ்க்ரா எனக்கு மாரடைப்பு என்று நினைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள்.

நீ சோபாவில் படுத்திருந்தாயாம். அப்படியென்றால் முதியோர் இல்லத்துச் செய்திகளை வாங்கியது யார், சோபாவா? செட்டை விட்டு எழ மறுத்த உன்னை மறுநாள் நாற்காலியோடு சேர்த்துத் தூக்கிக் கீழே இறக்கினார்கள் என்று ஊரே பேசுகிறதாம். இஸ்க்ரா இதை என்னிடம் பலமுறை சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொல்லக் கூடாது.

ஆகஸ்டிலேயே உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? கடிகாரத்தைப் பற்றி நானே அல்லவா பெருமையாக எழுதிக் கொடுத்தேன்.

உனக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. உன்னை வெறுத்துக்கொண்டிருந்தவரை காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது. முகம் மழித்தேன், உன்னைத் திட்டினேன், ரொட்டி வாங்கப் போனேன். இப்போது கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். கடிகாரம் கையில்தான் இருக்கிறது. கழற்றவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

ஆறுதல் சொல்லி எழுதாதே. ஒன்று மட்டும் கேட்கிறேன், இந்த முறை உண்மையைச் சொல். இரவெல்லாம் நான் வரவில்லை. உன் எதிரில் அலை மாற்றும் குமிழ் இருந்தது. ஒரே ஒரு முறை, சந்தேகத்துக்காவது, அடுத்த அலைக்குத் திருப்பிப் பார்த்தாயா?

வெலிசார்


ப்ரோதெக்
நவம்பர் 3

அன்புள்ள வெலிசார் அண்ணாவுக்கு,

இல்லை.

குமிழின் மேல் கை வைத்தேன். பலமுறை வைத்தேன். திருப்பவில்லை. கட்டுப்பாட்டு நிலையம் தன் அலையை விட்டு நகரக் கூடாது. நான் நகர்ந்த நேரத்தில் முதியோர் இல்லம் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று பயந்தேன். அந்தப் பயம் நியாயமானதா, அல்லது நான் எப்போதும் பயப்படுகிறவன் என்பதால் வந்ததா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. திருப்பியிருந்தால் உங்கள் குரல் கேட்டிருக்கும். அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆறுதல் சொல்ல வேண்டாம் என்றீர்கள். என்னிடம் சொல்வதற்கும் எதுவும் இல்லை. ஆறாம் மாத நாளுக்கு வரலாமா என்று கேட்கவில்லை. வேலிக்கு வெளியே தெருவில் நிற்பேன். தெரு நகராட்சியுடையது.

கம்பத்தை இரும்புக்காரன் கேட்டு வந்தான். விலை படியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இந்தப் பொய்யையும் மன்னியுங்கள்.

73, அன்புடன்,
எவ்திம்


ப்ரோதெக்
டிசம்பர் 9

அன்புள்ள வெலிசார் அண்ணாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று இஸ்க்ரா சொன்னாள். மலைப்பாதையில் பனி உறைந்திருந்ததால் கவலையாக இருந்தது.

ஆறாம் மாத நாளோடு, மீன் சமைக்கும் நிக்கோலாஸ் திருநாளும் சேர்ந்துகொண்டதால் கோர்னா லூக்காவில் திரும்பி வந்திருக்கும் நாலு வீடுகளிலும் மீன் வாசனை. நான் சொன்னபடி வேலிக்கு வெளியே நின்றேன். எல்லோருக்கும் கொடுத்து முடித்துத் தாம்பாளத்தோடு வாசல்வரை வந்தீர்கள். வேலியைத் தாண்டி என் உள்ளங்கையில் ஒரு கரண்டி கோதுமை வைத்தீர்கள். நான் கையை இழுத்துக்கொள்ளும் முன் இரண்டாவது கரண்டியும் வைத்தீர்கள். பிறகு உள்ளே போய்விட்டீர்கள்.

நான் வேலி ஓரத்தில் வைத்திருந்த கடிகாரப் பெட்டியை நீங்கள் எடுக்கவில்லை. பார்த்தீர்களா என்பதும் தெரியாது. திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பேருந்தில் வரும் வழியெல்லாம் அந்த இரண்டாவது கரண்டியைப் பற்றியே யோசித்தேன். எனக்காகவா, அண்ணி இருந்திருந்தால் வைத்திருப்பார் என்பதற்காகவா, தாம்பாளத்தில் மிஞ்சியதற்காகவா, கை பழக்கத்தில் செய்ததா. கிழவனுக்கு வேறு என்ன வேலை. வீடு வந்து சேர்ந்தபோது யோசிப்பதை நிறுத்திவிட்டேன். கேட்டால் நீங்கள் சொல்ல மாட்டீர்கள். ஊகிப்பதும் என் வேலை அல்ல. ஒருமுறை ஊகித்துச் சொல்லாமல் இருந்ததற்கு என்ன விலை என்று இப்போது தெரிந்தும், இந்த வயதில் வேறு மாதிரி இருக்க எனக்குத் தெரியவில்லை.

வந்ததை வந்தபடி வாங்கிக்கொண்டேன். நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை. உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அன்று இரவெல்லாம் வைத்திருந்த சொல்லை மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன்.

கிடைத்தது, அண்ணா.

73,
எவ்திம்